தடிமனா விழுற அந்த ‘எச்’

ஹார்ட் அட்டாக்கான்னு பார்க்குற ட்ரோபோனின்ங்கிற ரத்த டெஸ்ட்டோட ரிப்போர்ட் எங்க லேப்ல அடிச்சு வரும்போது நம்பர் கூடுதலா இருந்தா பக்கத்துல தடிமனா ஒரு ‘எச்’ விழும். ஹைங்கிறதுக்கு எச். அதைப் போடுறது டாக்டர் இல்லைங்க, நானும் இல்ல, கம்ப்யூட்டர். மெஷின் குடுக்குற நம்பரை, முன்னாடியே ஏத்தி வச்சிருக்குற ஒரு எல்லையோட ஒப்பிட்டுப் பார்க்கும், தாண்டியிருந்தா எச், தாண்டலைன்னா ஒண்ணும் இல்ல, அவ்வளவு தான். ரத்தம் குடுத்தவருக்கு கிட்னி வேலை செய்யுதா, வலி ஆரம்பிச்சு அரை மணி நேரமா ஆறு மணி நேரமா, இதெல்லாம் அதுக்குத் தெரியாது. மதுரைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி லேப்ல 19 வருஷமா டெக்னீஷியனா இருக்கேன். அந்த ஒரு எழுத்தைப் பார்த்துட்டு கவுன்ட்டர்லயே சுவரைப் பிடிச்சு உக்காந்தவங்களைப் பார்த்திருக்கேன், அந்த எழுத்து இல்லைங்கிற தெம்புல வீட்டுக்குப் போயிட்டு ஸ்ட்ரெச்சர்ல திரும்பி வந்தவங்களையும் பார்த்திருக்கேன். இதை எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்ல. உங்களுக்கோ வீட்டுல யாருக்கோ இப்ப நெஞ்சு வலிக்குதுன்னா இதைப் படிச்சுட்டு இருக்காதீங்க, கிளம்புங்க.

போன மழைக்காலத்துல ஒரு சாயங்காலம். வாரத்துக்கு ரெண்டு நாள் டயாலிசிஸுக்கு வர்ற ஒரு அம்மா, மெஷின்ல இருந்து எடுக்குற நேரத்துல நெஞ்சு இறுக்கமா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. உடனே ஈசிஜி எடுத்துட்டு எங்களுக்கு ரத்தத்தையும் அனுப்பிட்டாங்க. ரிசல்ட் 46. எங்க மெஷின்ல எல்லை 14. எச் விழுந்துருச்சு. ரிப்போர்ட் வாங்க வந்த மகன் சின்னப் பையன், இருபத்தஞ்சு வயசு இருக்கும், பேப்பரைப் பிடிச்சிருந்த கை ஆடுது. "அக்கா, பதினாலுக்குள்ள இருக்கணும்னு போட்டிருக்கு, இது நாப்பத்தாறு இருக்கேக்கா, மூணு மடங்குக்கா"ன்னான். போன்ல அவங்க மாமா வேற, இப்பவே ஆம்புலன்ஸ் பிடிச்சு சென்னைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சத்தம் போட்டுட்டு இருக்காரு. டியூட்டி டாக்டர் என்கிட்ட ஒண்ணே ஒண்ணு தான் கேட்டாரு, "இவங்களுக்கு முன்னாடி எடுத்தது ஏதாவது இருக்கா சிஸ்டர்?" தேடிப் பார்த்தா நாலு மாசத்துக்கு முன்னாடி எடுத்தது இருந்துச்சு, 44. மூணு மணி நேரம் கழிச்சு மறுபடி எடுத்தோம், 47. ஈசிஜியும் பழையது மாதிரியே. ராத்திரி வார்டுல வச்சுப் பார்த்துட்டு மறுநாள் அனுப்பிட்டாங்க.

அந்தம்மாவுக்கு நாப்பத்து சொச்சம் தான் வழக்கம். கிட்னி போனவங்க நிறைய பேருக்கு இப்படித்தான், ட்ரோபோனின் எப்பவுமே எல்லைக்கு மேல தான் நிக்கும். அதுக்காக அது நல்ல நம்பர்னு சொல்ல வரல, அப்படி நிரந்தரமா கூடி இருக்கவங்களுக்கு இருதயத்துல பாரம் இருக்குன்னு தான் அர்த்தம், வருங்காலத்துல ஆபத்தும் கூடுதல் தான். ஆனா அன்னைக்குச் சாயங்காலம் கேட்ட கேள்வி வேற. இப்ப, இந்த நேரத்துல, ரத்தக்குழாய் அடைச்சுக்கிட்டு இருக்கா? அந்தக் கேள்விக்கு 46ங்கிற நம்பர் மட்டும் பதில் சொல்லாது. 44, 46, 47ன்னு மூணையும் வரிசையா வச்சாத் தான் பதில் கிடைச்சுச்சு.

சரி, இந்த 14 எங்க இருந்து வந்துச்சு? ட்ரோபோனின்ங்கிறது தசை சுருங்குறதுக்கு உதவுற ஒரு புரதம். அதுல ‘டி’, ‘ஐ’ன்னு ரெண்டு வகை இருதயத் தசைக்குன்னே தனி வடிவத்துல இருக்கும், அதைத் தான் நாங்க ரத்தத்துல தேடுறோம். தசை செல்லு அடிபட்டா அது கசிஞ்சு ரத்தத்துக்கு வரும். இதுக்கு முன்னாடி சிகே-எம்பின்னு வேற ஒரு ரத்த டெஸ்ட் பார்த்தோம், அதுக்கும் முன்னாடி, 1954ல, இப்ப நாம லிவருக்குப் பார்க்குறோமே எஸ்ஜிஓடி, அதைத் தான் ஹார்ட் அட்டாக்குக்குப் பார்க்க ஆரம்பிச்சாங்க. 2000ல ஐரோப்பிய, அமெரிக்க இருதய டாக்டர்கள் சங்கங்கள் சேர்ந்து, இனிமே ட்ரோபோனினை வச்சுத் தான் முடிவு பண்ணணும்னு சொன்னாங்க. அதுக்கு எல்லைன்னு அவங்க எடுத்துக்கிட்டது 99-வது சதவீத இடம்.

அதாவது, நோய் இல்லாத ஆளுங்க நூத்துக்கணக்கான பேர்கிட்ட ரத்தம் எடுத்து, ட்ரோபோனின் கம்மியா இருக்கவங்கள்ல இருந்து ஜாஸ்தியா இருக்கவங்க வரைக்கும் வரிசையா நிக்க வச்சா, நூத்துக்கு 99 பேர் எந்த நம்பருக்குள்ள அடங்குறாங்களோ அது தான் எல்லை. டி வகையை நுணுக்கமா அளக்குற மெஷின்ல அது லிட்டருக்கு 14 நானோகிராம்னு வந்துச்சு. ஒரு கிராமை நூறு கோடி பங்காப் போட்டா ஒரு பங்கு தான் ஒரு நானோகிராம், அவ்வளவு துளியை இந்த மெஷின் பிடிக்குது.

இதை நல்லாக் கவனிச்சீங்கன்னா, ஹார்ட் அட்டாக் வந்தவங்களை அளந்து போட்ட கோடு இல்ல இது. நல்லா இருக்கவங்களை அளந்து போட்டது. நூறு பேர் நல்லா இருந்தாலும் ஒருத்தர் தாண்டத்தான் செய்வாரு, கோடு போட்ட விதமே அப்படி. இன்னொண்ணு, ‘நோய் இல்லாத ஆளு’ன்னு யாரைச் சேர்த்துக்கிறோம்ங்கிறதைப் பொறுத்து கோடே நகரும். வெறும் வாய்வார்த்தையாக் கேட்டுட்டுச் சேர்த்தா ஒரு நம்பர் வரும், எக்கோ எல்லாம் எடுத்து மறைஞ்சு கிடக்குற இருதய நோய்க்காரங்களைக் கழிச்சுட்டா எல்லை இன்னும் கீழ இறங்கும். வயசு கூடக் கூட ட்ரோபோனினும் லேசா ஏறும். அதனால தான் எழுபத்தஞ்சு வயசுத் தாத்தாவுக்கு 19ன்னு வந்துட்டு எச் விழுந்தா நான் பெருசா அதிர மாட்டேன், இருபத்திரெண்டு வயசுப் பையனுக்கு 19ன்னா டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிடுவேன். டெங்கு சீசன்ல அப்படிச் சில பேரைப் பார்த்திருக்கேன். அந்தக் காய்ச்சல் சில பேருக்கு இருதயத் தசையைத் தாக்கும், அடைப்பே இல்லாம ட்ரோபோனின் ஏறும்.

ஆம்பளைங்க பொம்பளைங்க விஷயமும் இதுல இருக்கு, இதை நிறைய பேர் சொல்றதே இல்ல. பொதுவாப் பொம்பளைங்களுக்கு இருதயம் சின்னது, ட்ரோபோனினும் கம்மி. ரெண்டு பேரையும் ஒரே வரிசைல நிக்க வச்சுக் கோடு போட்டா அந்தக் கோடு பொம்பளைங்களுக்கு மேல போயிடும். ஐ வகைல அபாட் கம்பெனி டெஸ்ட்டுக்கு பெண்களுக்கு 16, ஆண்களுக்கு 34னு தனித்தனியா எல்லை இருக்கு. ஸ்காட்லாந்துல 10 ஆஸ்பத்திரில 48,282 பேரை வச்சு ஒரு பெரிய ஆய்வு பண்ணி 2018ல முடிவு வெளியிட்டாங்க, இந்தத் தனித்தனி எல்லையோட நுணுக்கமான டெஸ்ட்டைக் கொண்டு வந்தப்ப அதுவரைக்கும் கண்ணுல படாம இருந்தவங்க நிறைய பேர் தெரிய வந்தாங்க, அதுல பெண்கள் ஜாஸ்தி. ஆனா அப்படிப் புதுசாத் தெரிஞ்சவங்களுக்கு அடுத்த ஒரு வருஷத்துல மறுபடி அட்டாக் வர்றதோ இருதய நோய்ல இறக்குறதோ குறையல. தெரிஞ்சதுக்கு அப்புறமும் ஆஞ்சியோவும் மாத்திரையும் ஆண்களுக்குக் கிடைச்ச அளவுக்குப் பெண்களுக்குக் கிடைக்கலன்னு அதே குழு பின்னாடி எழுதினாங்க. நம்பரை மாத்துறது பாதி வேலை தான். நம்ம ஊர்லயும் அம்மா நெஞ்சு அடைக்குதுன்னு சொன்னா "வாயு தான், ஓமத்தண்ணி குடிம்மா"ன்னு சொல்ற வீடு தானே ஜாஸ்தி.

இப்ப என் பெரியப்பா கதைக்கு வர்றேன். இதை எழுத மனசு கஷ்டமா இருக்கு ஆனா இதைச் சொல்லாம மத்ததைச் சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

பெரியப்பாவுக்கு அப்ப 61 வயசு. விடியக்காலை நாலரை மணிக்கு தோட்டத்துல மோட்டாரைப் போட்டுட்டு வாய்க்கால் மடையைத் திருப்பும்போது இடது தாடைல வலி, நெஞ்சுல ஒரு அமுக்கம், வேர்த்து ஊத்தியிருக்கு. பைக்ல பின்னாடி உக்கார வச்சு பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, அஞ்சு இருபதுக்கெல்லாம் அங்க இருந்தாங்க. ஈசிஜி எடுத்துப் பெருசா ஒண்ணும் இல்லைன்னு சொல்லியிருக்காங்க. ட்ரோபோனின் கார்டு டெஸ்ட் ஒண்ணும் போட்டாங்க. கர்ப்பம் பார்க்குற கார்டு மாதிரியே தான் இருக்கும், ரெண்டு கோடு விழுந்தா பாசிட்டிவ், ஒரு கோடுன்னா நெகட்டிவ். ஒரு கோடு விழுந்துச்சு. "ட்ராப் நெகட்டிவ், கேஸ் ட்ரபிள் தான்"னு ஒரு ஊசியைப் போட்டு அனுப்பிட்டாங்க. பெரியம்மாவுக்கு அவ்வளவு நிம்மதி, எனக்கு ஆறரைக்குப் போன் பண்ணி "ரத்தத்துலயே பார்த்துட்டாங்க பாப்பா, ஒண்ணும் இல்லையாம்"னு சொன்னாங்க. நான் கேட்ட முதல் கேள்வி, "வலி எத்தனை மணிக்குப் பெரியம்மா ஆரம்பிச்சுச்சு?" நாலரைன்னாங்க. அஞ்சரைக்கு எடுத்த ரத்தம். ஒரு மணி நேரம்.

ஒரு மணி நேரத்துல அந்தக் கார்டுல எதுவும் தெரியாதுங்க. தசை அடிபட்டு, புரதம் கசிஞ்சு, அந்தக் கார்டு பிடிக்கிற அளவுக்கு ரத்தத்துல சேர மூணு நாலு மணி நேரமாவது ஆகும், சில பேருக்கு ஆறு மணி நேரம் கூட. அவரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்கன்னு நான் கத்தினேன், கார் ஏற்பாடு பண்ணிக் கிளம்பி வர்ற வழியிலயே மயங்கிட்டாரு. இறக்கும்போது எடுத்த ஈசிஜில பெரிய அட்டாக். ரத்தத்துல ட்ரோபோனின் ஆயிரத்தைத் தாண்டியிருந்துச்சு. ஸ்டென்ட் வச்சு உயிரைக் காப்பாத்திட்டாங்க, ஆனா பம்பிங் முப்பது பெர்சென்ட்டுக்கு வந்துருச்சு.

அந்தக் கார்டு பொய் சொல்லல. அஞ்சரை மணிக்கு, அந்தக் கார்டு பிடிக்கிற அளவுக்கு, இல்லைன்னு தான் சொல்லுச்சு. அதை ‘அட்டாக் இல்ல’ன்னு படிச்சது தான் தப்பு. மறுபடி மூணு மணி நேரம் கழிச்சு ஒரு ஈசிஜி, ஒரு ரத்தம், அவ்வளவு தான் செஞ்சிருக்கணும். எனக்கு அந்த டாக்டர் மேல இருந்த கோவம் அடங்க ரொம்ப நாளாச்சு.

இப்ப இருக்குற நுணுக்கமான டெஸ்ட் அந்தக் கார்டை விட எத்தனையோ மடங்கு நல்லது, ஆனா அதுலயும் நேரம் தான் முக்கியம். ஐரோப்பிய இருதய டாக்டர்கள் சங்கத்தோட வழிமுறைல, டி வகைக்கு, வந்த உடனே ஒண்ணு, ஒரு மணி நேரம் கழிச்சு ஒண்ணுன்னு ரெண்டு தடவை எடுப்பாங்க. முதல் நம்பர் 5க்குக் கீழ இருந்து, வலி வந்து மூணு மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னா அட்டாக் இல்லைன்னு சொல்லலாம். 12க்குக் கீழ இருந்து ஒரு மணி நேரத்துல 3 கூட ஏறலைன்னாலும் அப்படித்தான். 52ஐத் தொட்டாலோ, ஒரு மணி நேரத்துல 5 ஏறினாலோ அட்டாக்கா இருக்க வாய்ப்பு அதிகம்னு உள்ள சேர்த்துடணும். நடுவுல இருக்கவங்களை வச்சுப் பார்க்கணும், மறுபடி எடுக்கணும். இதுல ரிப்போர்ட்டுல அச்சடிக்கிற 14 எங்கயாவது வருதா பாருங்க. வரவே இல்ல! 8ன்னு வந்து ஒரு மணி நேரத்துல 14 ஆச்சுன்னா எச் விழாது, ஆனா அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. டயாலிசிஸ் அம்மாவோட 46ல எச் விழும், ஆனா அது அசையல. 2018ல வந்த ஹார்ட் அட்டாக் வரையறையும் இதைத்தான் சொல்லுது, எல்லையைத் தாண்டணும், அதோட ஏறவோ இறங்கவோ செய்யணும், அதுவும் போதாது, வலியோ ஈசிஜி மாற்றமோ எக்கோல மாற்றமோ மாதிரி ரத்த ஓட்டம் குறைஞ்சதுக்கு ஒரு அடையாளம் இருக்கணும். இதெல்லாம் இல்லாம வெறும் நம்பர் மட்டும் கூடியிருந்தா அது இருதயத் தசைக்குக் காயம், அட்டாக் இல்ல. ரத்தத்துல கிருமி பரவினாலும், நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைச்சாலும், துடிப்பு கட்டுக்கடங்காம ஓடினாலும் அந்தக் காயம் வரும்.

அதே மாதிரி ஈசிஜிலயே பெரிய அட்டாக்னு பளிச்சுனு தெரிஞ்சா யாரும் ட்ரோபோனின் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. ரிசல்ட் வரட்டும்னு சொந்தக்காரங்க கையெழுத்துப் போடாம நின்ன கேஸ் எல்லாம் எனக்குத் தெரியும்.

அடுத்து அலகு. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், எங்களுக்குத் தான் தெரியும் எவ்வளவு கலவரம்னு. பழைய மெஷின்ல மில்லிக்கு எத்தனை நானோகிராம்னு வரும், 0.04ங்கிற மாதிரி. புது மெஷின்ல லிட்டருக்கு எத்தனை நானோகிராம்னு வரும். 0.04ம் 40ம் ஒண்ணே தான், ஆயிரத்தால பெருக்கினது. நாங்க மெஷின் மாத்தின வாரம் ஒருத்தர் ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு, "போன தடவை 0.03, இப்ப 28, ஆயிரம் மடங்கு ஏறிடுச்சு, நீங்க யாரும் கண்டுக்கவே மாட்டேங்கறீங்க"ன்னு அழுதுட்டாரு. அவரை உக்கார வச்சு பேனாவால பெருக்கிக் காட்டினேன். அதுலயும் டி வகையை ஐ வகையோட ஒப்பிடவே கூடாது, ஐ வகைலயே ஒரு கம்பெனி நம்பரை இன்னொரு கம்பெனி நம்பரோட ஒப்பிடக் கூடாது, ஒவ்வொருத்தரும் புரதத்தோட வேற வேற இடத்தைப் பிடிக்கிறாங்க. காலைல ஒரு லேப், சாயங்காலம் இன்னொரு லேப்னு எடுத்துட்டு ஏறிடுச்சு இறங்கிடுச்சுன்னு சொன்னா அதுக்கு அர்த்தமே இல்ல.

சாம்பிளும் முக்கியம். கஷ்டப்பட்டுக் குத்தி இழுத்த ரத்தத்துல சிவப்பணு உடைஞ்சு, சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி எடுத்ததும் மேல நிக்கிற சீரம் வைக்கோல் நிறத்துல இல்லாம ரோஸ்மில்க் மாதிரி இருக்கும். அந்த சாம்பிளை ஓட்டினா சில மெஷின்ல நம்பர் தப்பா வரும், நான் திருப்பி அனுப்பிடுவேன், நர்ஸுங்க திட்டுவாங்க, பரவால்ல. முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரையை அதிக டோஸ்ல சாப்பிடுறவங்க கண்டிப்பா அதைச் சொல்லுங்க, சில வகை டெஸ்ட்ல பயோட்டின் ட்ரோபோனினைக் கம்மியாக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017ல இதைப் பத்தி எச்சரிக்கையே விட்டாங்க, ஒரு இறப்பும் அதுல சொல்லியிருந்தாங்க.

பெரியப்பாவுக்கு அப்புறம் எங்க வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடமான இன்னொரு டெஸ்ட் என்டி-ப்ரோபிஎன்பி. இருதயம் பாரம் தாங்காம விரியும்போது வர்ற பொருள், மூச்சு வாங்குறது இருதயத்தாலயா நுரையீரலாலயான்னு பார்க்க உதவும். இதுல கோடு ஒண்ணு இல்ல, ரெண்டு. மூச்சிரைப்போட கேஷுவாலிட்டிக்கு வந்தவங்களுக்கு 300க்குக் கீழ இருந்தா இப்ப இருதயம் காரணமா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஆமா இருதயம் தான்னு சொல்றதுக்கு வேற கோடு, அதுவும் வயசுக்கு வயசு மாறும், 50க்குக் கீழ 450, 50ல இருந்து 75 வரைக்கும் 900, அதுக்கு மேல 1800. குண்டா இருக்கவங்களுக்கு இது கம்மியாவே காட்டும், கிட்னி கெட்டவங்களுக்கு ஜாஸ்தியாக் காட்டும். பெரியப்பாவுக்கு நல்லா இருக்கும்போதே 1900 பக்கம் தான், எப்பவும் எச் தான். ஒரு பொங்கலுக்கு அப்புறம் செருப்பு கால்ல ஏறலை, ராத்திரி ரெண்டு தலகாணி வச்சாத் தான் தூக்கம்னு சொன்னாரு, பார்த்தா 5200. அப்பளமும் ஊறுகாயும் கருவாடும் ஒரு வாரம் பூந்து விளையாடியிருக்கு. நீர் மாத்திரையைக் கூட்டி, உப்பை நிறுத்தி, மூணு வாரத்துல 2100. ரெண்டு நாளும் பேப்பர்ல அதே எச் தான். பிஎன்பின்னு இதே மாதிரி இன்னொரு டெஸ்ட் இருக்கு, அவரு இருதயத்துக்குச் சாப்பிட்ட சாக்யுபிட்ரில் சேர்ந்த மாத்திரை அந்த பிஎன்பி உடையுறதைத் தடுக்கும், அதனால பிஎன்பி எடுத்தா அது மருந்தாலயே ஏறியிருக்கும், என்டி-ப்ரோபிஎன்பியை அப்படி ஏத்தாது. பேர் ஒரே மாதிரி இருக்குன்னு ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணை எடுத்துட்டு வந்துடாதீங்கன்னு அண்ணன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லுவேன்.

எச் விழாததும் ஏமாத்தும். ஸ்டென்ட் வச்ச மூணாவது மாசம் அவருக்கு எல்டிஎல் கொழுப்பு 96. பேப்பர்ல நார்மல்னு தான் இருந்துச்சு, 130 வரைக்கும் நார்மல்னு அந்த லேப்ல ஏத்தி வச்சிருக்காங்க. வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம். கார்டியாலஜிஸ்ட் பார்த்துட்டு மாத்திரையைக் கூட்டினாரு. ஒரு தடவை அட்டாக் வந்தவங்களுக்கு 55க்குக் கீழ கொண்டு வரணும்னு 2019ல ஐரோப்பிய வழிமுறைல சொல்லியிருக்காங்க, 130ங்கிறது அவருக்கான கோடே இல்ல. இதைத் தெரியாம "நார்மல் தானே"ன்னு தானா மாத்திரையை நிறுத்துறவங்களை வாரத்துக்கு ஒருத்தரையாவது பார்க்குறேன், தயவு செஞ்சு பண்ணாதீங்க.

அதே மாதிரி ஒரு தொந்தரவும் இல்லாதவங்களுக்கு மாஸ்டர் செக்கப்புல ட்ரோபோனினைச் சேர்த்து விக்கிறது எனக்குப் பிடிக்கல. நூத்துல ஒருத்தர் சும்மாவே தாண்டுவாரு, அவரு ராத்திரி தூங்க மாட்டாரு, தேவையில்லாம ஆஞ்சியோ வரைக்கும் போவாரு.

பெரியப்பா நாலு வருஷம் இருந்தாரு. போன ஆடில போயிட்டாரு. பதினாறாம் நாள் முடிஞ்சு பெரியம்மா அவரோட ரிப்போர்ட் எல்லாம் வச்சிருந்த மஞ்சப்பையை என்கிட்டக் குடுத்து, "உனக்குத் தான் இதெல்லாம் புரியும், வச்சுக்க பாப்பா"ன்னாங்க. தேதி வாரியா அடுக்கி வச்சிருந்தாங்க. எல்லாத்துக்கும் அடில அந்த முதல் நாள் சீட்டு, ‘ட்ராப் ஐ – நெகட்டிவ்’னு கையால எழுதியிருக்கு, கீழ கையெழுத்து, தேதி. ரத்தம் எடுத்த நேரம் இல்ல, வலி ஆரம்பிச்ச நேரமும் இல்ல.

எங்க லேப் ட்ரோபோனின் சீட்டுல இப்ப ரெண்டு கட்டம் கூடுதலா இருக்கு, வலி ஆரம்பிச்ச நேரம், ரத்தம் எடுத்த நேரம். மேனேஜர்கிட்டக் கேட்டுப் போட வச்சேன். முக்காவாசி நேரம் நிரப்பாமத் தான் வரும். நான் கேஷுவாலிட்டிக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதிட்டுத் தான் சாம்பிளை மெஷின்ல வைக்கிறேன்.